பட்டியலில் ஒரு தம்பி

மலாக்கா டவுனில் காஜா பெராங் பக்கம் வாடகைக்கு அறை கேட்டுப் போகிறவனிடம் முதல் கேள்வியே, "என்ன வேலை?" என்பதுதான். மருதமுத்து பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "கள்ளு இறக்குறேங்க" என்பான். அவ்வளவுதான், கதவு சாத்திக்கொள்ளும். இத்தனைக்கும் அந்தத் தெருக்களில் கள்ளை மோந்து பார்க்காத வீடு எது என்று எண்ணினால் ஒரு கை விரலை மடக்கி முடிப்பதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும். கிளேபாங் கடலோரத் தோப்புகளில் இறங்குகிற தென்னங்கள்ளுக்கு மலாக்கா டவுனே சாயங்காலம் ஆனால் தொண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கள்ளு வேண்டும், இறக்குகிறவன் வேண்டாம். எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

ஜப்பான்காரன் வந்த வருஷம் அது. ரப்பர் வாங்க ஆளில்லை என்று தோட்டத்தை மூடிவிட்டார்கள். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு மருதமுத்துவும் அவன் பெண்டாட்டி பாக்கியலட்சுமியும் இரண்டு வயது விஜயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தார்கள். தோட்டத்தில் கள்ளு இறக்கிய கைக்கு கிளேபாங்கில் உடனே வேலை கிடைத்தது. ஒரு சீனனுடைய தோப்பில் இருபத்திரண்டு மரங்களை அவனிடம் விட்டார்கள். தலைக்கு மேல் ஒரு கூரைதான் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர் செங்கில் கேட்டார்கள், புக்கிட் காதிலில் கேட்டார்கள், நாலு நாள் தோப்பிலேயே ஓலையைப் போட்டுப் படுத்தார்கள். பிள்ளையைக் கொசு தின்றது.

"வேற ஏதாவது வேலைன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள் பாக்கியலட்சுமி.

"சொல்லலாம். சாயங்காலம் வந்து நிக்கும்போது வாடை சொல்லிடுமே."

கடைசியில் திறந்தது மாணிக்கவாசகம் கிராணி வீட்டுக் கதவு. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. இருபத்தைந்து வருஷம் வெள்ளைக்காரத் துரைக்குப் பேரேடு எழுதி, காஜா பெராங்கில் ஓடு போட்ட வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். நெற்றி நிறையத் திருநீறு. துரை போய் ஜப்பான்காரன் வந்ததும் கையில் சிவப்பு வட்டம் போட்ட துணியைக் கட்டிக்கொண்டு பத்து வீட்டுக்குத் தலைவர் ஆகிவிட்டார். யார் ஆண்டாலும் அவர் பேனாவுக்கு வேலை இருந்தது.

"கள்ளு இறக்குறியா?" என்று கேட்டவர் கதவைச் சாத்தவில்லை. "பின்னால விறகு போடுற அறை இருக்கு. சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்துக்க. போக்குவரத்து எல்லாம் பின்வாசல்தான். கிணத்துல நாங்க எடுத்தப்புறம் எடுத்துக்கணும்."

"வாடகைங்க?"

"ஜப்பான்காரனோட வாழைமரம் போட்ட நோட்டை வாங்கி நான் என்ன பண்ண? நாளைக்கு அது வெறுங் காகிதம். தினம் சாயங்காலம் ஒரு போத்தல் கொண்டாந்து வீட்டம்மாகிட்ட குடுத்துடு."

கிராணியின் பெண்டாட்டி அன்னபூரணி உள்ளேயிருந்து, "ஆப்பத்துக்கு மாவு பொங்கணும், அதுக்குத்தான்" என்று விளக்கம் சொன்னாள். அரிசியே கண்ணில் படாத காலத்தில் தினம் ஒரு போத்தல் ஆப்பம். பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நாலு நாள் கொசுக்கடி வாங்கியவளுக்கு அந்த விறகு அறை அரண்மனையாகத்தான் தெரிந்தது.

இருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, சோற்றைத் தவிர.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டு முன்கதவிலும் ஒரு பலகை தொங்கும். வீட்டில் இருக்கிறவர்கள் பேர், வயது, என்ன உறவு என்று எழுதி அதில் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டியலில் பேர் இருந்தால் ஆளுக்கு மாதம் இத்தனை காத்தி (ஒரு காத்தி அரைக் கிலோவுக்குச் சற்று மேல்) அரிசி என்று பங்கீட்டுக் கடையில் அளந்து போடுவார்கள். பேர் இல்லாதவன் ஊரில் இல்லாதவன். மாணிக்கவாசகம் வீட்டுப் பலகையில் மூன்று பேர்கள்: அவர், அன்னபூரணி, இருபத்தொரு வயது மகன் தியாகு. விறகு அறையில் மூன்று உயிர் இருப்பது பலகைக்குத் தெரியாது.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று பெரியவர்கள் சமாளித்தார்கள். விஜயாவுக்குத்தான் ஆகவில்லை. கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பெற்றவளுக்கு அந்தக் குழியைப் பார்த்துவிட்டு எதையும் வாயில் வைக்க முடியவில்லை.

முதல் தடவை அவள் போய்க் கேட்டபோது மாணிக்கவாசகம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "குடித்தனக்காரனுக்கு எல்லாம் கார்டு கிடையாது. சொந்தக்காரனா இருந்தா எழுதலாம்."

"அப்படியே எழுதிடுங்களேன் ஐயா. யாரு வந்து பார்க்கப் போறா?"

"மரமேறி எனக்குச் சொந்தக்காரனா? ஊர் என்ன பேசும்?"

இரண்டாம் தடவை அன்னபூரணி மூலம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை விஜயாவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார வைத்து, வீங்கின காலை அழுத்திக் காட்டினாள். கிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தியாகு மட்டும் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

பிறகு மாசி மகம் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பத்து வீட்டுத் தலைவர்களை எல்லாம் ஜப்பான்காரன் ஆபீசில் கூட்டம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். கோயிலுக்குக்கூடப் போகவிடாமல் அடிக்கிறான்களே என்று தெருவே முனகியது. கூட்டம் முடிந்து வந்த மாணிக்கவாசகம் அன்று சாப்பிடவில்லை. அன்னபூரணி இலையைப் போட்டு வைத்துக்கொண்டு இரண்டு தடவை கூப்பிட்டாள், மூன்றாவது தடவை தானும் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். விரதமாக இருக்கும் என்று பாக்கியலட்சுமி நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கிணற்றடிக்கே வந்தார் கிராணி.

"பாக்கியலட்சுமி, உன் புருஷன் தோப்புக்குக் கிளம்பிட்டானா? முழுப் பேரு என்ன? வயசு?"

"வெறும் மருதமுத்துதாங்க. முப்பது வயசு. எதுக்குங்க ஐயா?"

"பிள்ளை காலைப் பார்த்ததிலேர்ந்து மனசு கேக்கலை. எழுதிடுறேன். என் தம்பின்னு."

அவள் கையிலிருந்த வாளி கயிறோடு கிணற்றுக்குள் போய்விட்டது. அப்படியே குனிந்து ஈரக் கையோடு அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார், தீட்டுக்காக என்றுதான் அவள் நினைத்தாள்.

அன்று மாலை பலகையில் புதுத் தாள் ஏறியது. மருதமுத்து, தம்பி, முப்பது. பாக்கியலட்சுமி, தம்பி மனைவி. விஜயா, தம்பி மகள். அதோடு சட்டதிட்டமும் வந்தது. ஆபீஸ் ஆள் சோதிக்க வந்தால் விறகு அறையில் இருக்கக் கூடாது, கூடத்தில் இருக்க வேண்டும். அன்னபூரணியை அக்கா என்று கூப்பிட வேண்டும், கிராணியைப் பெரியத்தான் என்று.

"யாராச்சும் வந்தா மட்டும் கூப்பிடு" என்றாள் அன்னபூரணி. "மத்த நேரம் வேண்டாம்."

போகட்டும். பெரிய மனுஷி, அந்த அளவுக்காவது விட்டுக்கொடுத்தாளே. ஒத்திகை பார்க்க என்று அன்று ஒரு முறை அவளை முன்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். பாக்கியலட்சுமி கிணற்றடிக்குப் போய் முழங்கால் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் காலைக் கழுவிக்கொண்டு, சுற்றி வந்து, அந்த வீட்டு முன்படியில் முதன்முதலாகக் கால் வைத்தாள்.  சொல்ல வெட்கம்தான், ஆனால் கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அரிசி வந்தது. பாதி குருணை, கால் பங்கு கல், சுண்ணாம்பு வாடை. இருந்தாலும் அரிசி. கஞ்சியாக வைத்து முதல் தெளிவை விஜயாவுக்குக் கொடுத்தாள். இருபது நாளில் காலில் அழுத்தினால் குழி விழவில்லை. பிள்ளை கிணற்றைச் சுற்றி ஓடியது. மருதமுத்து நன்றிக்கு ஒன்றுக்கு இரண்டு போத்தலாகக் கொண்டுவந்து வைத்தான், முதல் பாளையில் வடித்த தித்திப்புக் கள்ளு. கிராணி வீட்டில் ஆப்பம் இரட்டிப்பானது. தியாகு மட்டும் ஒரு மாதிரி இருந்தான். அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனான், நேராகப் பார்ப்பதில்லை. சித்தப்பா, சித்தி என்று கூப்பிடச் சொன்னதில் அவனுக்கு மானக்கேடு போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் மாணிக்கவாசகம் ஆள் அனுப்பி இருவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். முன்வாசல் திறந்திருந்தது. ஆபீஸ் ஆள் யாரும் இல்லை.

"உக்காருப்பா தம்பி" என்று நாற்காலியைக் காட்டினார்.

மருதமுத்து உட்காரவில்லை. அந்த வீட்டில் அவன் நாற்காலியைத் தொட்டது கிடையாது. "பரவாயில்லைங்க" என்றான்.

"உக்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தான், நுனியில். கிராணி ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். பதினெட்டிலிருந்து ஐம்பதுக்குள் இரண்டு ஆணோ அதற்கு மேலோ இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும். மூன்று மாதம். தினம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் சம்பளம், சாப்பாடு, தங்க இடம், வைத்தியம். வீட்டுக்கு அரிசி நிற்காது.

"நம்ம வீட்டுல மூணு ஆம்பளை" என்றார் மாணிக்கவாசகம். "எனக்கு நாப்பத்தெட்டு. ரத்தக் கொதிப்பு. தியாகுக்கு இளைப்பு. நாலு படி ஏறினா அவனுக்கு மூச்சு வாங்குது. நீ நாளைக்கு நாப்பது தடவை மரம் ஏறுறவன். மூணு மாசம் உனக்கு ஒரு பொருட்டா?"

 அன்னபூரணி வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.

"நான் தம்பி இல்லைன்னு சொல்லிட்டா?" என்று கேட்டான் மருதமுத்து.

"சொல்லு. பொய்ப் பட்டியல் எழுதினதுக்கு என் தலை போகும். பொய்ப் பேருல அரிசி தின்னதுக்கு உன் தலையும் போகும். பிள்ளைக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?"

விறகு அறைக்குத் திரும்பியதும் மருதமுத்து அரிவாளைச் சீலையில் சுற்ற ஆரம்பித்தான். "கிளம்பு பாக்கியம். தோப்புல ஒளிஞ்சுக்கலாம். அந்தச் சீனன் நல்லவன், காட்டிக் குடுக்க மாட்டான்."

"தோப்புல போய் எதைத் திங்கிறது?"

"கிழங்கு."

அவள் விஜயாவின் காலைப் பார்த்தாள். பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒரு சுள்ளியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. இரண்டு காலும் மெலிந்து, சுத்தமாக, பிள்ளைக் கால் மாதிரி இருந்தது.

"மூணு மாசம்தானே சொல்றாங்க" என்றாள். "நீங்க போயிட்டு வந்துடுங்க. அரிசி நிக்கக் கூடாது."

இதை அவள்தான் சொன்னாள். கிராணி சொல்லவில்லை, ஜப்பான்காரன் சொல்லவில்லை. பிற்பாடு எத்தனை தடவை அந்த வார்த்தையைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

 மருதமுத்து அரிவாளைச் சீலையிலிருந்து பிரித்து அவள் கையில் கொடுத்தான். "துரு ஏறாம எண்ணெய் போட்டு வை. மூணாவது வரிசையில கடைசி மரத்துல புதுப் பாளை விட்டிருக்கு. யாருக்கும் விட்டுடாதே, நான் வந்து சீவுறேன்."

நாலாம் நாள் காலை திடலில் லாரி வந்து நின்றது. தம்பின் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் லாரி, அப்புறம் ரயில் என்றார்கள். அறுபது எழுபது பேர் மூட்டையோடு நின்றார்கள். அன்னபூரணி ஒரு பொட்டலம் மரவள்ளி அடை கட்டிக் கொடுத்தாள். மாணிக்கவாசகம் எல்லாரும் பார்க்க மருதமுத்துவைத் தோளோடு அணைத்து, "உடம்பைப் பாத்துக்க தம்பி" என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. பாக்கியலட்சுமிக்கு அப்போதும் அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. நம்மோடு சேர்ந்து இவரும் தவிக்கிறாரே என்று நினைத்தாள். எவ்வளவு பெரிய பைத்தியக்காரி.

லாரி போன மறுநாள் அவள் வழக்கம்போலக் கூடத்துப் பக்கம் போனபோது அன்னபூரணி கதவருகே நின்றிருந்தாள். "இனிமே சோதிக்க யாரும் வரமாட்டாங்க. பின்வாசலாலேயே வா."

மூன்று மாதம் என்றார்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று எண்ணினாள். ஆனி முடிந்தது. ஒரு கடுதாசி இல்லை, ஒரு வெள்ளி வரவில்லை. போனவன் பேரில் வந்துகொண்டிருந்த அரிசியும் வைகாசியோடு நின்றுபோனது. அவளுக்கும் பிள்ளைக்கும் வருவதில் அன்னபூரணி ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "வாடகை வேண்டாமா? போத்தல் நின்னு எத்தனை நாளாச்சு?" என்றாள். கிராணி ஐயா மாலை நேரங்களில் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஆப்பம் இல்லாமல் அவருக்குக் கை நடுங்கியது.

அடுத்த தெருவில் பத்து வீட்டுக்குத் தலைவர் பொன்னுதுரை. அவர் மகனும் அதே லாரியில் போனவன். அவனிடமிருந்து ஏதாவது சேதி வந்திருக்குமா என்று கேட்கத்தான் பாக்கியலட்சுமி ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனாள். பொன்னுதுரை வாசலில் பெஞ்சில் சாய்ந்திருந்தார். பகலிலேயே கள்ளு ஏறியிருந்தது.

"சேதியா? திரும்பி வந்தவன் ஒருத்தன் சொன்னான். காலராவாம். குழி வெட்டிக் கும்பல் கும்பலாப் போடுறாங்களாம். யாரு பேரும் எழுதி வைக்கிறதில்லையாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க கிராணி கெட்டிக்காரர்மா. எனக்கு அந்த மூளை இல்லாமப் போச்சு."

"எந்த மூளைங்க?"

"மாசி மகத்தன்னைக்கே கூட்டத்துல சொல்லிட்டான் ஜப்பான்காரன், ஒரு மாசத்துல ஆள் கேப்பேன், பட்டியலைப் பார்த்துத்தான் கேப்பேன்னு. எங்க வீட்டுல நானும் பையனும் ரெண்டே பேரு. என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன். மாணிக்கவாசகம் ரெண்டே நாள்ல தம்பியை உண்டாக்கிட்டாரு." பொன்னுதுரை பெருமூச்சு விட்டார். "எனக்கும் உன் புருஷனை மாதிரி ஒரு குடித்தனக்காரன் கிடைச்சிருந்தா என் பிள்ளை இன்னைக்கு வீட்டுல இருப்பான்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பொறாமையாகச் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. ஊரில் விவரம் தெரிந்த பெரிய மனுஷர்கள் எல்லாருக்கும் இது ஒரு கெட்டிக்காரத்தனம். அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதைச் சொல்லி எத்தனை பேர் சிரித்திருப்பார்களோ.

பாக்கியலட்சுமி நேராக வந்து முன்வாசல் வழியாகக் கூடத்துக்குள் போனாள். காலைக் கழுவவில்லை. மாணிக்கவாசகம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், எதிரே தியாகு இருந்தான்.

"மாசி மகத்தன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

கிராணி பேனாவை மூடி வைத்தார். மறுப்பார், மழுப்புவார் என்று அவள் நினைத்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"மூணு தடவை வந்து கேட்டது யாரு? நீதானே? நான் உன்னைக் கூப்பிட்டேனா?"

"பிள்ளை காலைப் பார்த்து மனசு கேக்கலைன்னு சொன்னீங்களே."

"காலு நல்லாச்சா இல்லையா? சும்மாவா தின்னீங்க? எனக்கு ஒரே பிள்ளை. உனக்கு இருந்தா நீ என்ன பண்ணுவே?"

அவள் தியாகுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கவில்லை, இளைப்பு எதுவும் இல்லை. நன்றாகத் தின்று வளர்ந்த தோள். அவளுக்கு அவர்களைச் சபிக்க வேண்டும் போலிருந்தது. நாசமாய்ப் போவீர்கள் என்று மண்ணை வாரித் தூற்ற வேண்டும் போலிருந்தது. ஆனால் தோப்புக்குப் போகலாம் என்று அரிவாளைச் சுற்றியவனை, அரிசி நிற்கக் கூடாது என்று சொல்லி லாரியில் ஏற்றிவிட்ட வாய் அவளுடையது. அந்த வாயில் சாபம் வரவில்லை.

"இன்னொண்ணு" என்றார் கிராணி. "அறையை ஒழிச்சுக் குடுக்கணும். புதுக் குடித்தனம் வருது. நீ கோழிக்கூண்டுப் பக்கம் சாய்ப்புக் கொட்டகையில இருந்துக்க. வீட்டம்மாவுக்கு ஒத்தாசையா இரு, கஞ்சி ஊத்துவாங்க. வந்தவங்ககிட்ட வாயைத் திறந்தே, அன்னைக்கே வெளியே போயிடணும்."

போய்விடலாம்தான். எங்கே போவது? அதைவிட, மருதமுத்து திரும்பி வந்தால் தேடிக்கொண்டு வரப்போவது இந்த வீட்டுக்குத்தான். காஜா பெராங்கில் அவனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். அவள் பாயையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கு மாறினாள். கோழிகளை எப்போதோ தின்று தீர்த்திருந்தார்கள், வாடை மட்டும் போகவில்லை.

இரண்டு நாளில் புதுக் குடித்தனம் வந்தது. சுப்பையன் என்று ஒருவன், ருக்மணி என்று அவன் பெண்டாட்டி, இடுப்பில் ஒரு ஆண் பிள்ளை. மூடின தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். சுப்பையனும் மரமேறி. கிளேபாங்கில் சீனன் தோப்பில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஆளில்லாமல் கிடந்த இருபத்திரண்டு மரம். மூன்றாவது வரிசை கடைசி மரமும் அதில் சேர்த்தி. அன்று சாயங்காலமே கிராணி வீட்டுக்குள் ஒரு போத்தல் போயிற்று.

மறுநாள் காலை கிணற்றடியில் ருக்மணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்குமா? முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இந்த ஐயா தங்கமான மனுஷர். நாங்க கேக்கவே இல்லை. இன்னைக்கே பட்டியல்ல எழுதிடுறேங்கிறாரு. இவரைத் தம்பின்னு."

பாக்கியலட்சுமி சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அன்னபூரணி அங்கே இல்லை. இருந்திருந்தாலும் பாக்கியலட்சுமி சொல்லாமல் விட்டிருக்கமாட்டாள்.

"எழுதவிடாதே" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னாள். பலகை, மாசி மகம், நாற்காலி, லாரி, பொன்னுதுரை சொன்ன குழி, எல்லாம். ஆடி முடிவதற்குள் மறுபடி ஆள் கேட்பார்களாக இருக்கும், இல்லாவிட்டால் இந்த ஐயா ஏன் தம்பி தேடுகிறார் என்றாள். "உன் புருஷனைக் கூட்டிக்கிட்டு இப்பவே தோப்புக்குப் போயிடு. ஓலையைப் போட்டுப் படுங்க. கொசு கடிக்கும், கடிச்சா கடிக்கட்டும். உன் கண்ணு முன்னால இருப்பாரு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசானது. இனி இந்தச் சாய்ப்பும் போய்விடும். போகட்டும். ஒருத்தியையாவது காப்பாற்றினோம்.

ருக்மணியின் சிரிப்பு போய்விட்டது. சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை பக்கத்தில் கல்லில் சாய்ந்து கிடந்தது, அழவும் இல்லை, விளையாடவும் இல்லை. ருக்மணி ஒரு விரலால் அதன் காலை அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. 

"அரிசி எவ்வளவுக்கா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

பாக்கியலட்சுமிக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கை எழுந்தும்விட்டது. அந்தக் குழி இன்னும் மேலேறி வராமல் நிற்பதைப் பார்த்தாள், கையை இறக்கிக்கொண்டாள்.

"ஆளுக்கு எட்டு காத்தி. பிள்ளைக்குப் பாதி."

"நல்ல அரிசியா?"

"கல்லு இருக்கும். பொறுக்கணும். மொதல் தெளிவைப் பிள்ளைக்குக் குடு."

முன்பக்கத்திலிருந்து அன்னபூரணியின் குரல் கேட்டது. "ருக்மணி, இப்படி முன்வாசலால வாம்மா. பேரு எழுதணுமாம்."

ருக்மணி எழுந்தாள். பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் வாளியை எடுத்துத் தண்ணீரை ஊற்றி, முழங்கால் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் காலைக் கழுவினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனாள்.